முட்டைக் கூடைக்காரியும் வான்மதியும்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு சட்டத்தில் இடிக்காத குறையாகக் குனிந்து நிற்கிறாள் வான்மதி. எதிரே நோட்டுப் புத்தக அகலத்தில் பழங்காலத்து டச்சு அச்சுப்படம். சந்தைக்குப் போகும் குடியானவனும் பெண்டாட்டியும். "பூட்ஸ் கிழிஞ்சு பெருவிரல் எட்டிப் பாக்குது, பாருங்க்கா" என்கிறாள்.

வெஸ்ட் வின்ட்சரில் எனக்குப் பக்கத்து வீடு. வாரநாளில் மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். சனிக்கிழமை என்றால் இந்த மியூசியமே கதி. வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கும் வாலண்டியர் ஆக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. "சம்பளமில்லாத வேலைக்கு எக்ஸாம் வேறயா!" என்று அவள் வீட்டுக்காரர் நெடுஞ்செழியன் கேலி செய்வார்.

படத்தின் அர்த்தமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இடுப்பில் கத்தி இருந்தால் சண்டைக்காரன். ஜாடி என்றால் குடி. முட்டைக் கூடை என்றால் காமம். நகரத்துக்காரர்கள் பார்த்துச் சிரிக்கவென்றே இப்படிப் போட்டார்களாம். அந்தக் காலத்துப் படங்களில் ஆந்தைகூட மடத்தனத்துக்குத்தான் அடையாளமாம். "ஆந்தையை அறிவாளின்னு இந்த ஊர்க்காரங்களுக்கு யாரு சொன்னா? முழிக்கிற முழியே சொல்லுதேங்க்கா!"

போன தடவை தேர்வில் வாய்தான் கெடுத்தது. "எங்கப்பாருந்தான் கள்ளு குடிப்பாரு. அதுக்காக அவரு பாவத்துக்கு அடையாளமா?" என்று தேர்வு நடத்தும் ஹெலனிடமே ஆங்கிலத்தில் பாய்ந்துவிட்டாள். "உங்கள் கோபம் வேறு, படத்தின் பொருள் வேறு" என்று சொல்லி ஹெலன் ஃபெயிலாக்கிவிட்டார். இன்றைக்கு மறுபடியும் தேர்வு. மியூசியத்துக்கு வருகிறவர்கள் முன்னால் இதே படத்தை விளக்க வேண்டும். இதை விட்டால் இனி வாய்ப்பில்லை.

கத்தி, ஜாடி, முட்டை என்று ஒன்று விடாமல், கோபப்படாமல் சொன்னாள். வந்திருந்த ஏழெட்டுப் பேரும் நன்றாகச் சிரித்தார்கள். முட்டைக்கு ரொம்பவே. அப்பாடா, பாஸ் பண்ணிவிட்டாள் என்று மூச்சு விட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவள் வான்மதியா?

"சிரித்தாயிற்றா? இப்போது நான் செய்கிற மாதிரி செய்யுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, கத்தியையும் ஜாடியையும் கூடையையும் உள்ளங்கையால் மறைத்தாள். மேலே மிஞ்சியவை இரண்டே முகங்கள். நடந்து களைத்த, விற்குமோ விற்காதோ என்ற கவலை தெரிகிற முகங்கள்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. ஓரமாக நின்ற ஹெலன், மார்க் போடும் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் கையை நீட்டினார்.