பட்டில் தங்காத மாவு

ஜெயவேல் செத்துச் சில வருஷம் ஆகிறது. அவன் மூச்சு மட்டும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. தறியை நிறுத்தினால் போதும், அவன் மனைவி லீலாவுக்கு அந்த இழுப்பு கேட்கும். அதனாலேயே சாப்பாட்டுக்குக்கூட அவள் தறியை விட்டுச் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை.

ஆரணியில் ஜெயவேல் கெட்டிக்கார நெசவாளி. கர்வத்திலும் குறைச்சலில்லை. தான் நெய்த பட்டில் ஊசிமுனை இறங்காது என்று தானே சொல்லிக்கொண்டு திரிவான். தொண்ணூற்றாறாம் வருஷம் தேவிகாபுரம் பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. தறிக்குழியில் உட்கார முடியவில்லை. கம்பவுண்டர் போட்ட ஊசியில் வலி பறந்தது. பிறகு ஊசி இல்லாமல் இருக்கவே முடியவில்லை. கம்பவுண்டர் கையை விரித்ததும், அதே மருந்தை மாத்திரையாக வாங்கிக் கரைத்து, தானே நரம்பில் ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தான்.

"மாத்திரைய முழுங்கத்தானே குடுக்கறாங்க? வேணாங்க," என்று லீலா அழுதாள்.

"பட்டுல வடிகட்டிதாம்மே போடறேன். நான் நெய்த துணி. கொசு காலுகூட பூராது."

அவளும் நம்பினாள். பட்டை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? பட்டில் ஒரு துண்டு கத்தரித்து இரண்டாக மடித்துக் கொடுத்தது அவள் கைதான். இன்றைக்கும் அந்தக் கையைப் பார்க்க அவளுக்குப் பயம்.

சில வருஷத்தில் தெருமுனை வரை நடந்தாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. வேலூரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார்: "மாத்திரைக்கு உருவம் வர மாவு சேர்ப்பாங்க. வயித்துக்குப் போனா அது ஒண்ணும் பண்ணாது. ரத்தத்துல போனதால நுரையீரல்ல தங்கிப் புண்ணாக்கிடுச்சி. துணியில எல்லாம் அது நிக்காதுங்க."

ஜெயவேலுக்குக் கோபம். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த மாத்திரை ஒன்றை லீலாவைத் தண்ணீரில் கரைக்கச் சொன்னான். டம்ளர் வாயில் பட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் ஊற்றினாள். கீழே வெளுப்பாக இறங்கியது. நாலாக மடித்தான். அப்போதும் வெளுப்பு. எட்டாக மடித்தும் அது தெளியவில்லை.

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"நான் நூல நெருக்கி அடிக்கலியா மே?"

உங்கள் நெசவில் குற்றமில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். அழுகையில் வாய் வரவில்லை. அந்தச் சந்தேகத்தோடேதான் அவன் போனான். இப்போது தறி நிற்கும்போதெல்லாம் லீலா அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கிறாள். அவன் மூச்சு நிற்பதில்லை.