ரோப் காரில் ஏறாத லிஃப்ட் மெக்கானிக்

அண்ணி முதலில் கூப்பிட்டது காலை பத்தே முக்காலுக்கு. நான் அப்போது தேர்வு அறைக் கண்காணிப்பில் இருந்தேன். போன் அலுவலக அறை அலமாரிக்குள் இருந்தது. விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு மதியம் வந்து எடுத்தபோது, அவள் குரல் பதிவு ஒன்று இருந்தது. "பரீட்சை முடிஞ்சதும் வா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவசரம் இல்லை என்று அண்ணி சொல்லி நான் கேட்டதே கிடையாது. தண்ணீர் லாரி வந்தாலும் அவளுக்கு அவசரம்தான். செய்தி என்ன என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணனுக்கு எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணன் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒரே இடத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த வருஷங்களைவிட இந்தக் கடைசி வருஷம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தொழிற்பயிற்சி முடித்த கையோடு ஒரு பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றான். கம்பெனியில் அவனுக்குப் பெயர் 'காது'. மற்றவர்கள் மீட்டரும் டார்ச்சுமாக மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது, இவன் கீழ்த்தளத்தில் மூடிய கதவில் காதை வைத்துவிட்டு, "பிரேக் உரசுது" என்றோ, "மூணாவது மாடியில கதவு ரோலர் போச்சு" என்றோ சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகிப் போனதை அவன் சொல்ல மாட்டான், கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒருமுறை ஏதோ முனகுகிறது என்று ஒரு லிஃப்டை நாள் முழுக்க நிறுத்திவைத்துப் பிரித்துப் போட்டானாம். முனகியது பக்கத்துக் கடையின் பழைய ஃப்ரிட்ஜ்.

அவன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. கேட்டால், "வீட்டுக்கு வந்தும் வேலை பாக்கச் சொல்றியா டீச்சர்?" என்பான். தங்கையாகப் பிறந்தும் அவன் வாயில் நான் டீச்சர்தான்.

அண்ணி ஒரு துணிக்கடையில் அளவு திருத்தித் தருபவள். காலை முதல் மாலை வரை அடுத்தவர் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கும் வேலை. விடுமுறை நாளில் வெளியே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. எங்கோ யாரோ இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அந்த ஆசை அன்றைக்கு அவ்வளவுதான். அண்ணன் சினிமா இடைவேளையில் எழுந்து போயிருக்கிறான். கல்யாணமான புதிதில் கடலைப் பார்க்கப் போனார்கள். கால் நனைப்பதற்குள் கம்பெனி ஜீப் தேடிக்கொண்டு வந்துவிட்டது. அண்ணி செருப்பைக் கையில் பிடித்தபடி தனியாக பஸ் ஏறி வந்தாள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று அவன் பேசும் தொனியே வேறு. "பயப்படாதீங்க மேடம். நான் இங்க பக்கத்துலயேதான் இருக்கேன்." அந்தத் தொனியை அண்ணி வீட்டில் கேட்டதில்லை. "நானும் ஒரு நாள் மாட்டிக்கிட்டாத்தான் உண்டு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு வந்தவன், மாலையைக் கழற்றும் முன்பே சொன்னான். "ஒரு வருஷம். நீ கை காட்டற இடத்துக்கெல்லாம் வரேன். போனை அணைச்சு வச்சுடறேன். அதுக்கப்புறம் என்னை வீட்டுல நிம்மதியா படுக்க விடணும்."

"வந்தா மட்டும் போதாது" என்றாள் அண்ணி. "பக்கத்துல இருக்கணும்."

"பக்கத்துல இல்லாம பின்ன எங்க இருப்பேன்?"

எங்கே இருப்பான் என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது.

முதலில் போனது கடலோரத்துக் கோபுரம் ஒன்றுக்கு. உச்சியில் கண்ணாடித் தரை போட்டிருப்பார்கள், காலுக்குக் கீழே அலை தெரியும். மேலே போக லிஃப்ட் உண்டு. அண்ணன் கதவருகே நின்று தலையைச் சாய்த்தான். "கடைசியா கயிறு எப்ப மாத்துனீங்க?" என்று இயக்குபவரிடம் கேட்டான். அவர் விழித்தார். அண்ணன் படிக்கட்டைத் தேடிப் போய்விட்டான். மூச்சு வாங்க உச்சிக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணி எல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள்.

ஆற்றில் ரப்பர்ப் படகு விடும் இடத்துக்குப் போனார்கள். படகில் ஒட்டுப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டு இவன் ஏறவில்லை. அண்ணி ஏறினாள். அவள் கத்திக்கொண்டே சுழல்களில் போக, இவன் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே ஓட்டமும் நடையுமாக வந்தான். காட்டுக்குள் கூடாரம் போட்டபோது மட்டும் பக்கத்தில்தான் இருந்தான். லிஃப்ட் கயிற்றை இறுக்குவதுபோலக் கூடாரக் கயிற்றை இறுக்கியதில் கூடாரம் நடுவே கிழிந்து, இருவரும் வாடகைக் காருக்குள் உட்கார்ந்தே மழையைப் பார்த்தார்கள். அண்ணிக்கு அந்தப் பயணம்தான் பிடித்திருந்தது. குகைக்குள் சங்கிலி இழுக்கும் படகு ஓடுகிற இடத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சங்கிலி என்ற சொல்லைக் கேட்டதுமே அவன் வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

அண்ணியின் போனில் அந்த வருஷத்துப் படங்கள் நிறைய இருக்கின்றன. மலை இருக்கிறது, அருவி இருக்கிறது, முன்பின் தெரியாத ஆட்களோடு அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் இல்லை. சிலவற்றில் ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது.

வருஷத்தின் கடைசிப் பகுதியில் அண்ணி ரோப் காரைக் கை காட்டினாள். இரண்டு மலைகள், நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. கம்பிக் கயிற்றில் தொங்கும் கூண்டுகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வரும். எனக்கு விடுமுறை என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டாள். பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "இதுல மட்டும் அவரு என்கூட வரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

வரிசையில் நின்றோம். அண்ணன் வாயே திறக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் இருந்தபோது காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

"கேக்குதா?"

"எது?"

"தடக். ஒவ்வொரு வண்டியும் அந்தத் தூண்கிட்ட போறப்ப. ரோலர் போயிருக்கு."

பின்னால் நின்றவர், "சார், ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லன்னா வழி விடுங்க" என்றார். அண்ணன் அவர் பக்கம் திரும்பினான். அவரோடு நிறுத்தாமல் வரிசை முழுவதற்குமாகப் பேசினான். "ஒரு நிமிஷம் கேளுங்க. அந்த ரோலரைக் கழட்டிப் பாக்காம யாரும் ஏறாதீங்க. இது என் தொழில்." ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா, "என்னங்க நீங்க, பிள்ளையைப் போய் பயமுறுத்திக்கிட்டு" என்றாள். சீட்டுக் கிழிப்பவர் எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, இது தினமும் ஓடுற வண்டி."

"தினமும் ஓடுறதுதான்யா அறுந்து விழும். ஓடாம நிக்கிறது எப்படி விழும்?"

சிலர் சிரித்தார்கள். அண்ணியின் முகம் சுண்டிப் போயிருந்தது. சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்தாள்.

"நான் ஏறப் போறேன்."

"சொல்றேன்ல?"

"சொல்லுங்க. வருஷம் பூரா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கீங்க." குரலை உயர்த்தவில்லை. "இதுல வரலைன்னா இதோட முடிஞ்சுது. மிச்ச நாளுக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வீட்டுலயே படுத்துக்கங்க. நிம்மதியா."

அவன் அவளைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். அடுத்த கூண்டு வந்து நின்றது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள். கதவு மூடியது.

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். அண்ணி பின்பக்கக் கண்ணாடியிலேயே கண்ணாக இருந்தாள். அவன் மேடையில் நின்று தூணை நோக்கி விரல் நீட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். பிறகு சிறிதாகிப் போனான். தூண் வந்தது. தடக். கூண்டு லேசாகக் குலுங்கியது. அண்ணி என் கையை விட்டிருக்கவில்லை, நகம் பதிந்தது.  ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் போய் இறங்கினோம்.

அங்கே ஒரு டீக்கடை, சில பெஞ்சுகள், ஒரு கம்பித் தடுப்பு. டீக்கடைப் பெண் பைனாகுலர் வாடகைக்கு விட்டாள். அண்ணி எதையும் பார்க்கவில்லை. தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீயை ஆற விட்டாள். சற்று நேரம் கழித்து டீக்கடைப் பெண்தான் கீழே காட்டினாள்.

"யாரோ பழைய பாதையில இறங்கறாங்க பாருங்க. வெள்ளைச் சட்டை. உங்க ஆளா?"

பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். அண்ணன்தான். புதர்களைப் பிடித்துப் பிடித்து, உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தான்.

"அந்த வழியில இப்பல்லாம் ஆடுதான் வருது" என்றாள் அவள்.

"ஆடுன்னா சொன்ன பேச்சைக் கேக்கும்" என்றாள் அண்ணி. ஆனால் எழுந்து வந்து என் கையிலிருந்து பைனாகுலரை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு திருப்பித் தரவில்லை. அவன் மரங்களுக்குள் மறைந்தால் பேசாமல் இருப்பாள். வெளியே வந்தால், "ஓடைகிட்ட வந்துட்டாரு", "தண்ணி குடிக்கிறாரு", "அந்தப் பக்கம் போகாதீங்க, பாறை" என்று அவனுக்குக் கேட்பதுபோலச் சொல்வாள். ஓடையைத் தாண்டிய பிறகு நெடுநேரம் அவன் கண்ணில் படவில்லை. வெயில் இறங்கிவிட்டது. கூட்டம் திரும்பிப் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் வண்டியை இயக்குபவர், எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரர், வந்து நின்றார்.

"ஏறுங்கம்மா. இதுதான் கடைசி வண்டி."

"எங்க வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்கார்."

"எதுல?"

"நடந்து."

"வண்டி இருக்கறப்ப எதுக்கு நடக்கறார்?"

"உங்க வண்டி மேல அவருக்கு நம்பிக்கை இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அப்ப எனக்கென்ன? நீங்க ஏறுங்க" என்றார்.

"அவர் வராம நான் ஏற மாட்டேன்."

காலையில் அதே வாயால் "நான் ஏறப் போறேன்" என்றவள்.  சட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், முணுமுணுத்தார், ஆனால் பொத்தானை அழுத்தவில்லை.

அண்ணன் டீக்கடைக்குப் பின்புறமாக ஏறி வந்தான். முழங்காலில் ரத்தம், சட்டையில் பாதி இல்லை. அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பக்கத்துல இருக்கறதுன்னா இதுவா?" என்றாள்.

"வந்துட்டேன்ல?"

தண்ணீர் குடித்து முடித்ததும் அவன் சட்டைக்காரரிடம்தான் போனான். "அந்தத் தூண்ல தடக்குன்னு..."

"நீங்கதானா அது? அந்தப் பக்கத்துல இருந்து போன் வந்துச்சு." அவர் சிரிக்காமல் சொன்னார். "கயிறைப் பிடிச்சிருக்கற கவ்வி, தூண் சக்கரத்து மேல ஏறி இறங்கற சத்தம் அது. எல்லா வண்டிக்கும் வரும். வரலைன்னாத்தான் நான் நிறுத்துவேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க லிஃப்ட்ல கயிறு போற வழியில அந்தச் சத்தம் வந்தா ஆளை இறக்கிடுவோம்" என்றான்.

"இது லிஃப்ட் இல்லையே சார்."

 அண்ணன் கூண்டுக்குள் போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். தூண் வரப்போகிறது என்பது அவன் தோள் இறுகியதிலேயே தெரிந்தது. தடக் என்றது. "இதுதான்" என்றான். "ஆமா, இதுதான். வெளிய பாருங்க" என்றாள் அண்ணி. பார்த்திருப்பான். நான் எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன். ஆகவே எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்ததும் அண்ணி அடுத்த இடத்தைச் சொன்னாள். ஒரு ஏரி, நடுவில் தீவு, படகில்தான் போக வேண்டும். படகில் ஒட்டுப் போட்டிருக்குமா என்று அண்ணன் கேட்கவில்லை. இரண்டு சீட்டு வாங்கிவிடு என்றான். பள்ளத்தாக்கில் இறங்கி ஏறியதில் அவன் ஷூ இரண்டிலும் அடிப்பாகம் வாய் பிளந்திருந்தது. புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டில் நல்ல பசை இருக்கிறது, கடைக்காரன் ஒட்டுவதைவிட நன்றாக ஒட்டுவேன் என்று சொல்லிவிட்டு, அண்ணி எனக்குப் போன் செய்த அன்று காலை பால்கனியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அண்ணி குளிக்கப் போனாள்.

வலது ஷூவை ஒட்டி இடுக்கியில் இறுக்கி வைத்திருந்தான். இடது ஷூவின் அடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான், பசை தடவவில்லை.