மூன்று தட்டு

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்தபின் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் மேற்பார்வை வேலை. குஞ்சுக் கொட்டகைக்குள் யாரும் சட்டென்று நுழையக் கூடாது. தகரக் கதவை மூன்று முறை தட்டி, ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகள் மிரண்டு மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மடச்சி நான்! கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மூன்று முறை தட்டுவார். உள்ளேயிருந்து சத்தம் வரும்வரை வாசலிலேயே நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊட்டுக்குள்ள கோழிக்குஞ்சா இருக்குது? உள்ள ஒருத்தருமில்லீங்க, வாங்க!" என்று கத்துவேன். இருபது வருடமாக இதே கேலிதான். அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. உள்ளே வந்ததும் முதலில் அறையின் மூலைகளைப் பார்ப்பார், அப்புறம்தான் என்னை.

ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். மகள் கதவைச் சாத்தாமல் போயிருந்தாள். திறந்த கதவுக்கு முன்னால் இவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"காலைல."

"உள்ள போறதுக்கென்னங்க?"

"ஆரும் சத்தம் குடுக்கலியே புள்ள" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

குடியரசு தினத்துக்கு ஒரு விடுதிப் பள்ளியில் அவரைக் கொடியேற்றக் கூப்பிடுவார்கள். பனி, குளிர், காய்ந்த ரொட்டி என்று ஏதாவது பேசிவிட்டு வருவார். இந்த வருடம் பஸ்ஸில் போகும்போதே சொன்னார்: "இன்னிக்கு ஒண்ணச் சொல்லிப்போடறேன். சொல்லாமச் செத்தா எனக்குக் கதியில்ல."

"புள்ளைக்கு வரன் கூடி வார நேரமுங்க. ஊரு வாயில விழோணுமா?" என்றேன்.

மேடையில் மைக்கை மூன்று முறை தட்டினார். "கேக்குதுங்க" என்று யாரோ ஒரு வாத்தியார் குரல் கொடுத்த பின்தான் பேச ஆரம்பித்தார். எந்தச் சண்டை, எந்த ஊர் என்று எழுத எனக்கு மனமில்லை.

"ஒரு ஊட்டு வாசல். 'உள்ள ஒருத்தருமில்ல'ன்னு கூட வந்தவன் சொன்னான். நான் தட்டல, குரல் குடுக்கல. சுட்டுட்டுத்தான் உள்ள போனேன். மூலைல இருந்தாங்க சாமி, ஒருத்தர் மேல ஒருத்தரா. பொம்பளைங்க, கொழந்தைங்க. எதிரிங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தோம். பொய். கொன்னது நான்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவர் அது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

உள்ளே ஒருத்தருமில்லை! அதை என் வாயால் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், பாவி. அவருக்காகக் காத்திராமல் கிடைத்த பஸ்ஸில் ஏறி வீடு வந்துவிட்டேன். நான் வந்து சேர்வதற்குள் கல்யாணத் தரகர் என் மகளுக்குப் போன் பண்ணியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் யோசிக்க வேண்டும் என்றார்களாம்.

சாயங்காலம் மூன்று தட்டு கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. நிற்கட்டும், விடிய விடிய நிற்கட்டும் என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கறோமுங்க" என்றேன். "நானும் புள்ளையும் உள்ள இருக்கறோமுங்க."

அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது.