பெரிய முள்ளில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு

பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. ஈரச் சுண்ணாம்பின் வாடை காலையிலிருந்து மூக்கை அரித்துக்கொண்டிருக்கிறது. சாமான்களையெல்லாம் முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, கடைசியாகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிய மருமகள் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல என்னமோ ஒட்டியிருந்திருக்கு போலயே, வெள்ளக் கட்டமா தடம் கெடக்கு" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, மரம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பழகிப்போன வாய். யோசிக்காமலே பொய் வரும்.

அவள் விடவில்லை. அவள் புருஷன், அதாவது என் மகன், போன வருஷம் வாங்கிய டைம்பீஸ் மூன்றே மாதத்தில் நின்றுபோய், கடைக்காரன் "அது கம்பெனி சமாச்சாரம், பம்பாய்க்கு எழுதிப் போடுங்க" என்று கையை விரித்துவிட்ட ஆத்திரம் அவளுக்கு. "இது எந்தக் கடையில வாங்குனது மாமா? இன்னும் ஒரு நிமிசம் பிசகலயே" என்றாள். "மதுரையில" என்றேன். அதுவும் பழகிய பொய்தான்.

கண்ணாடிக் கதவைத் துடைக்கப் போனவளை மட்டும் தடுத்துவிட்டேன். பெரிய முள்ளின் நுனியில் ஒரு பொட்டு வெள்ளையாக இருக்கும். அதை நான் யாரையும் துடைக்க விட்டதில்லை. இன்று வெள்ளையடித்ததில் தெறித்தது என்று நினைத்துக்கொண்டாள். சுண்ணாம்புதான். ஆனால் இன்றைய சுண்ணாம்பு இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பொறாமை அதிகம். இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. வயசானதால் பல் போனதைப் போலத்தான் அதுவும் போயிற்று, நான் திருந்தியதால் இல்லை. அந்தக் காலத்தில் அது என்னிடம் நன்றாகவே இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் எடை பார்க்கிற வேலையில் இருந்தேன். ரயில் வராத காலம், பொதியெல்லாம் மாட்டு வண்டியில்தான் போகும். மம்சாபுரத்தில் பெண் எடுத்திருந்தேன். மூத்த மருமகன் நான். மாமனார் வீட்டில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது, அது எதனால் என்றால் நான் அடி அளந்து நேரம் சொல்வேன்.

இதெல்லாம் இப்போது யாருக்கும் தெரியாது. சமதரையில் நின்று நம் நிழலின் தலை விழுகிற இடத்தைக் குறி வைத்துக்கொண்டு, பாதத்துக்குப் பாதம் ஒட்டி அளந்துகொண்டே போனால், அடிக் கணக்கை வைத்து நேரம் சொல்லிவிடலாம். மாசத்துக்கு மாசம் கணக்கு மாறும். எனக்கு அது மனப்பாடம். களத்துமேட்டில் நான் அளந்து நடக்கும்போது ஆளுகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மாமனார், "மாப்ள சொன்னா சொன்னதுதான்" என்பார். அவர் வீட்டு வெந்நீர் காய்வது முதல் வண்டி பூட்டுவது வரை என் காலடியில்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் சகலை வந்து சேர்ந்தார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். பெயர் முத்தையா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை. நல்ல மனிதர், அதுவே எனக்கு முதல் எரிச்சல். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அவர் ஒரு கடிகாரம் வாங்கினார்.

ரத வீதிக்குப் பக்கத்துச் சந்தில் மீரா ராவுத்தர் கடை. குடை, கண்ணாடி, பூட்டு, இவற்றோடு கடிகாரமும் விற்பார். சகலை மூன்று மாதம் அந்தக் கடைக்கு நடந்தார். ஆளுயரத்துக்குப் பக்கத்தில், மணியடிக்கிற பெரிய கடிகாரத்தின் மேல்தான் அவருக்குக் கண். ராவுத்தர்தான், "அது பவுசுக்கு, தம்பி. அதுக்குக் கோளாறும் பெருசா வரும். மணியடிக்காத இந்தச் சின்னத வாங்கிக்கிடுங்க, பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்று சொல்லி, குறைந்த விலைச் சாமானை அவர் தலையில் கட்டினார். விற்கிறவனே இப்படிச் சொல்வானா என்று ஊரில் ஒரு வாரம் பேசினார்கள்.

மம்சாபுரத்தில் அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை. கடிகாரம் வாங்கினால் நாள் நீளுமா என்று ஒருவர் கேட்டார். "வீட்டுக்குள்ள எந்நேரமும் ஒருத்தன் டொக்கு டொக்குன்னு நாக்கக் கொட்டிக்கிட்டே இருந்தா சோறு எப்படி எறங்கும்?" என்றாள் என் மாமியார். சீமையில் வெயில் கிடையாது, அதனால் வெள்ளைக்காரனுக்குக் கடிகாரம் வேண்டும், நமக்கு எதற்கு என்று நானும் என் பங்குக்கு எடுத்துக் கொடுத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய அத்தனை பேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போது சகலை வீட்டில் நுழைந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். மாமியார் இரண்டு தடவை போனாள்.

கடைசி மைத்துனி சின்னத்தாயிக்கு ஆனி மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு மேல் ராகுகாலம். இதற்கு முன்னால் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான் அடி அளந்து சொன்னதுதான் நேரம். இந்தத் தடவை மாமனார், "கடிகாரத்தக் கொண்டாந்துருங்க மாப்ள" என்று சகலைக்குச் சொல்லியனுப்பியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் வண்டியிலிருந்து சகலை இறங்கினார், மடியில் கைக்குழந்தையை வைத்திருப்பதைப் போலக் கடிகாரம். மாமனார் எழுந்துபோய் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். அன்று காலையில் நான் வந்தபோது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வந்துட்டியளா, அந்தப் பந்தக்கால் ஆடுது, செத்தப் பாருங்க" என்றார். கடிகாரத்துக்கு எழுந்தவர் எனக்கு எழவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அதுவும் கடிகாரத்தால்தான். மாமியார் சொன்னது ஒரு வகையில் சரியாகப் போயிற்று.

மறுநாள் காலை, மாப்பிள்ளை வீட்டார் ஊர் எல்லைக்கு வந்துவிட்டார்கள் என்று மேளத்தோடு எல்லாரும் எதிர்கொள்ளப் போனார்கள். கூடத்தில் நான் மட்டும். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். கடிகாரம் எதிர்ச் சுவரில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். போய்க் கண்ணாடியைத் திறந்து, பெரிய முள்ளை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். சுண்ணாம்பு தொட்ட விரலால்.

கல்யாணத்தைக் கெடுக்க நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. என் யோசனை இதுதான். ஒன்பது மணிவாக்கில் சகலை நேரம் சொல்லுவார். நான் முற்றத்தில் இறங்கி அத்தனை பேருக்கும் முன்னால் அடி அளந்து, "தம்பி, ஒங்க கடியாரம் அரை மணி பிந்தி ஓடுதே" என்று சாவகாசமாகச் சொல்லுவேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

எட்டரைக்கு மலையிலிருந்து மேகம் இறங்கியது. ஆனி மாதத்துச் சாரல் அந்தப் பக்கத்தில் வரத்தான் செய்யும், எனக்குத் தெரியாததில்லை. பொறாமையில் மறந்துபோயிற்று. முற்றத்தில் போய் நின்றேன், நிழல் இல்லை. உள்ளே வந்தேன், மறுபடி போனேன். ஐந்தாறு தடவை என் நிழலைத் தேடிக்கொண்டு மழையில் நின்றதைப் பார்த்த மாமனார், "மாப்ளைக்கு வயிறு சரியில்ல போல" என்று சுக்குக் கஷாயம் போடச் சொன்னார். குடித்தேன். முள்ளைத் திருப்பி வைத்துவிடலாம் என்றால், சகலை கடிகாரத்துக்கு நேர் கீழே பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைச் சுற்றிப் பத்துப் பேர்.

"மணி என்ன?" என்று ஐயர் கேட்டார். "பத்து அஞ்சு" என்றார் சகலை. அப்போது உண்மையில் பத்தரை தாண்டியிருந்தது. வாயைத் திறந்தால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. திறக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியது, நானும் அட்சதை போட்டேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிய சகலை, தாலுகா கச்சேரியில் பன்னிரண்டு மணி அடித்தபோது தன் கடிகாரத்தில் பதினொன்றரை என்று பார்த்தார். வேறொருவராயிருந்தால் முள்ளைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். இவர் அதே வண்டியில் திரும்பி வந்து மாமனார் காலடியில் உட்கார்ந்து, "ராகுகாலத்துல தாலி கட்டியாச்சு மாமா, எல்லாம் என்னாலதான்" என்று அழுதார். மாமியார் வாயில் அடித்துக்கொண்டாள். மாமனார் சகலையைக் கை கொடுத்து எழுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே இந்த வீட்டுல பெரிய மாப்ள சொல்றதுதான் நேரம்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சகலை கடிகாரத்தை ராவுத்தர் கடையில் கொண்டுபோய் வைத்துச் சத்தம் போட்டார். ராவுத்தர் அதை வாங்கி மாட்டி, மூன்று நாள் கச்சேரி மணியோடு ஒத்துப் பார்த்தார். நாலாம் நாள் பழைய கடிகாரத்தையும் அதே அச்சில் புதிது ஒன்றையும் வண்டியில் வைத்துக்கொண்டு மம்சாபுரத்துக்கே வந்துவிட்டார். மாமனார் என்னையும் ஆள் விட்டு அழைத்திருந்தார்.

"மூணு நாளு பாத்தேன் ஐயா, இதுல..." என்று ராவுத்தர் ஆரம்பித்தார். அதற்குள் வெற்றிலைத் தட்டு வந்தது. எல்லாரும் எடுத்தார்கள். நானும் எடுத்து, ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவினேன். ராவுத்தர் என் விரலைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பழைய கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தார். அப்போதுதான் நானும் அந்தப் பொட்டைப் பார்த்தேன்.

"இதுல என்ன? சொல்லுங்க ராவுத்தரே" என்றார் மாமனார்.

"எங்கடையில வாங்குன சாமான் ஐயா. ஒங்க வீட்டு நல்ல காரியத்துல அது கால வாரிருச்சு. கம்பெனிக்காரன் எங்கயோ சீமையில இருக்கான், அவனப் போயி நான் காட்ட முடியுமா? நாந்தான் பொறுப்பு. புதுசு கொண்டாந்துருக்கேன், இதுக்குத் துட்டு வேண்டாம்" என்றார் அவர். எழுந்து, சின்னத்தாயியைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணும் வராது தாயி, நல்லா இருப்ப" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தால் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் வெட்கம்தான். மிச்சமெல்லாம் பொறாமை. சகலையிடம் கடிகாரம் இருந்ததற்கு வந்ததைவிட, அந்த மனுஷனால் அப்படி நிமிர்ந்து சொல்ல முடிந்ததே என்று வந்ததுதான் பெரிய பொறாமை. அது இன்னும் போகவில்லை.

பேச்சு ஊருக்குள் பரவியது. 'அரை மணி ராவுத்தர்' என்று அவருக்குப் பட்டப்பேர் விழுந்தது. அவர் கடையில் கடிகாரம் வாங்க ஆள் வருவது நின்றுபோயிற்று. சின்னத்தாயிக்குக் குழந்தை பிறக்க நாலு வருஷம் தாமதமானது. அந்த நாலு வருஷமும் வீட்டில் அடிபட்ட பேர் ராவுத்தருடையதுதான். பசுமாடு செத்தால்கூட அவர்தான்.

கல்யாணத்துக்கு ஆறேழு வாரம் கழித்து, என் மனைவி தாய்வீடு போயிருந்த ஒரு மத்தியானம், ராவுத்தர் ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துணியில் சுற்றிய கடிகாரம்.

"இத வித்துட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி."

"எங்கிட்டயா?"

"எந்த ஊருக்குக் கொண்டு போனாலும் கோளாறு உள்ளதுன்னு எவனும் வாங்க மாட்டேங்கான். இதுல ஒரு கொறையும் இல்லன்னு தெரிஞ்ச ஆளு இந்தச் சுத்துப்பட்டுல நம்ம ரெண்டு பேருதான. நான் விக்கிறவன். வாங்குறதுக்கு நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்கினேன். அவரே ஆணியடித்து மாட்டி, நேரம் வைத்து, சாவி கொடுக்கக் காட்டித் தந்தார். "அன்னைக்கு ஏன் ராவுத்தரே நீங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒங்க வீட்டுக்காரம்மா எந்த மொகத்த வச்சிக்கிட்டு பொறந்த வீட்டுக்குப் போவும்? எனக்குக் கட தானே போவுது" என்றார். அந்தப் பொட்டை மட்டும் அவர் துடைக்கவில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், கடிகாரத்தைக் கழற்றி, முதுகில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்ததுதான். 'மீரா ராவுத்தர் கடை, ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று அச்சடித்த சின்னக் காகிதம். மனைவி வந்து கேட்டபோது மதுரையில் வாங்கியது என்றேன். சகலை வந்து பார்த்து, "எங்க வீட்டுது மாதிரியே இருக்கு. ஆனா மதுரச் சாமான் மதுரச் சாமான்தான் அண்ணே" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கும் பொறாமை வந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இப்படியும் ஒரு ஆள்.

ராவுத்தர் இரண்டு வருஷத்தில் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு கடையநல்லூர் போய்விட்டார். அவர் மௌத்தாகி அடக்கமான சேதி பல மாதம் பிந்தித்தான் காதில் விழுந்தது. அந்தச் சந்தில் இப்போது சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். இப்போதெல்லாம் கடிகாரக் கடைகளில் சாமானோடு ஒரு காகிதம் தருகிறார்கள், எதற்கெல்லாம் அவர்கள் பொறுப்பில்லை என்று அதில் வரிசையாக அச்சடித்திருக்கிறது. மாமனார் போய்விட்டார். சகலையும் போன ஐப்பசியில் போய்விட்டார். ராவுத்தர் கடைச் சாமானை நம்பி மோசம் போனேன் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அந்த அரை மணியைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் சுவர் காய்ந்ததும் கடிகாரத்தை மாட்ட மருமகள் வந்தாள். "செத்த இரும்மா" என்று வாங்கி, முதுகைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் பென்சிலால் கடைப் பெயரையும் ஊரையும் எழுதினேன். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மதுரைன்னுல்ல மாமா சொன்னிய?"

"உக்காரு சொல்லுறேன்" என்றேன்.