எனக்கு ஏற்றிய ரத்தமும் என் வேண்டுதலும்

என்னோடு சேர்ந்து முழங்காலில் நிற்கிற சொந்தங்களே, என் உடம்பில் எச்.ஐ.வி. இருக்கிறது. பயந்து எழுந்து போய்விடாதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

1997-ல் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவம். பிள்ளை தங்கவில்லை. உதிரப்போக்கு நிற்காததால் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தேன். அதற்கு நன்றியாக மாதாவுக்கு மெழுகுவத்தி வேறு ஏற்றினேன், பாவி! இரண்டு வருஷம் கழித்து விடாத காய்ச்சல். பரிசோதித்ததில் விஷயம் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு இல்லை, எனக்கு மட்டும். "எவன்கிட்டடி வாங்குன?" என்று கேட்டார் அந்த மனுஷன். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை.

ரத்தத்தால்தான் வந்தது என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டு நஷ்டஈடு தர வேண்டும். எனக்கு அது பணம் இல்லை, மானம். திங்கட்கிழமை ஆனால் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நிற்பேன். "ரத்தத்துலதான் வந்துச்சுன்னு எப்படிம்மா நம்புறது? அங்க வேற யாருக்காச்சும் வந்திருக்கா?" என்பார்கள். நான் யாரைக் காட்டுவேன்? ஆஸ்பத்திரியும் கைவிரித்துவிட்டது. செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன்.

அக்டோபர் மாதம் எங்கள் தெருவில் மாதா சிலை தினம் ஒரு வீட்டுக்கு வந்து தங்கும். ஜெபமாலைக்கு முன்னால் அந்த வீட்டார் தங்கள் வேண்டுதல் கருத்தைச் சொல்ல, எல்லாரும் அதற்காக வேண்டுவார்கள். வருஷா வருஷம் 'உடம்பு சுகத்துக்காக' என்று மழுப்பிவிடுவேன். 2003-ல் எல்லாம் வெறுத்துப்போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "எனக்கு எய்ட்ஸு கிருமி இருக்கு. ஆஸ்பத்திரியில ஏத்துன ரத்தத்துல வந்துச்சு. கவர்மெண்டு அதை ஒத்துக்கணும்னு வேண்டிக்கங்க."

பாதிப் பேர் எழுந்து போனார்கள். நான் அவித்து வைத்த சுண்டலை யாரும் தொடவில்லை. ஜெபமாலை முடிந்ததும், அன்று ராத்திரி என் வீட்டில் தங்க வேண்டிய மாதா சுரூபத்தையும் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "தாயே, நீயுமா?" என்று தரையில் விழுந்து கத்தினேன்.

மறுநாள் காலையில் தெருக்கோடி லூர்து அக்கா வந்தார். உட்காரக்கூட இல்லை.

"எம்மக ஜெசிக்கும் அதுதான் தாயி. அவளுக்கும் அதே ஆஸ்பத்திரியிலதான் ஆபரேசன் பண்ணி ரத்தம் ஏத்துனாங்க. டி.பி.ன்னு சொல்லி வச்சிருக்கேன். கல்யாணம் ஆகணும்ல?"

அட ஆண்டவரே! ஒரே தெருவில் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொண்டு தனித்தனியாய்ச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து மனுக் கொடுக்கப் போனோம். ஜெசி வராண்டாவில் என் மடியில் படுத்துக்கொள்வாள். "கூப்பிட்டா எழுப்புங்க சித்தி, நானே வாரேன்" என்பாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி என்றதும்தான் விசாரணையே வந்தது. இழுத்தடித்து, ஒருவழியாக அரசாங்கம் ஒத்துக்கொண்டது. நஷ்டஈடும் வந்தது. ஜெசி அதற்கு முந்தின தவக்காலத்திலேயே போய்விட்டாள்.

உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்த லூர்து அக்கா கேட்டார்: "இனிமே எம்மகளுக்கு என்னாச்சுன்னு சொல்லி அழலாம்ல தாயி?"

ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார், அதற்குச் சாட்சியாக நிற்கிறேன். மாத்திரை சாப்பிட்டு உயிரோடு இருக்கிறேன். ஜெசிக்கு ஏன் அம்புட்டுத் தாமதம் என்று அவரோடு எனக்கு இன்னும் சண்டைதான். நன்றியும் சொல்கிறேன், சண்டையும் போடுகிறேன்.

உங்கள் வேதனையை அவரிடம் மழுப்பாமல், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். உங்கள் தெருவிலும் ஒரு ஜெசி படுத்திருப்பாள். அவளாவது பிழைக்கட்டும்.