காட்டுமன்னார்கோயிலுக்கு அட்டையோடு ஒரு காலைப் பயணம்

வயலுக்குக் குளவி கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்காதீர்கள். நெல்லில் குருத்துப்பூச்சியை ஒழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிதான் என் ஆராய்ச்சி. புள்ளி அளவே இருக்கும். ஆளைக் கொட்டாது. குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழித்துவிடும். குளவி வளரும் முட்டைகளை, பொரியும் தறுவாயில், சின்னக் காகித அட்டையில் ஒட்டி ஆய்வகத்தில் தருவார்கள்.

போன கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் செல்வராசு என்பவருடைய வயல்தான் என் ஆய்வில் கடைசி. அவர் பத்து மணிக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருந்தார். அதற்குள் அட்டையைக் கட்டிவிட்டால் மருந்தை நிறுத்துவதாகப் பேச்சு. மருந்து விழுந்தால் குளவியும் போச்சு, என் ஒரு வருட உழைப்பும் போச்சு.

கடலூரில் 5.40க்குப் பஸ் ஏறினேன். சுமார் 45 கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். வழியெல்லாம் மணி பார்த்துப் பார்த்துப் போனின் சார்ஜ் பாதியாகிவிட்டது. சிதம்பரத்தில் 7.05க்கு இறங்கி, எண்பது ரூபாய் ஆட்டோவில் ஆய்வகம் போய், ஐஸ் பெட்டியில் அட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பி, 7.50 டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். "இன்னாம்மா அது?"

"ஒட்டுண்ணி அட்டைங்க."

"உண்ணியும் அட்டையுமா? ரத்தம் குடிக்கறத ரெண்டையும் சேத்து எடுத்துனு போறியே. எறங்கிடும்மா, பஸ்ல கூட்டம் ஜாஸ்தி."

பக்கத்து சீட் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். நான் மூடியைத் திறந்து, இது காகித அட்டை என்று காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் நாள் இரவு செல்வராசுவுக்கு நான் அனுப்பிய செய்தி, 'காலையில் வயலில் அட்டை விட வருகிறேன்.' அவரும் ரத்தம் குடிக்கும் அட்டை என்றே நினைத்திருப்பாரோ? நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

8.50க்குக் காட்டுமன்னார்கோயிலில் இறங்கினேன். அங்கிருந்து வயல் நான்கு கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தேன். போய்ப் பார்த்தால், களையெடுக்க வந்த ஏழு பெண்களும் வரப்பிலேயே நிற்கிறார்கள். மருந்து டேங்க் நிரப்பித் தயாராக இருக்கிறது.

"குளவின்னுதான மேடம் சொன்னீங்க?" என்றார் செல்வராசு. "அட்டைய வுடுறேன்னு மெசேஜ் போட்டுக்கீறீங்க. அதக் கேட்டதுலேர்ந்து இவுங்க எறங்க மாட்டேங்கறாங்க. அதான் ஆளை முன்னாடியே வரச் சொல்லிட்டேன். மருந்தடிச்சிடறேன்."

ஒரு அட்டையை எடுத்து நீட்டினேன். வெயில் பட்டதும் இரண்டு மூன்று குளவிகள் வெளியே வர ஆரம்பித்திருந்தன. அந்தப் பெண்களில் மூத்தவரான அஞ்சலை குனிந்து பார்த்தார். ஒரு குளவி அவர் நகத்தில் ஏறி ஊர்ந்தது.

"இதுவா? இதுக்கா காலைலேர்ந்து நிக்கறோம்? ஏம்மா, இவ்ளோ படிச்சிட்டு இதுக்கு ஒரு நல்ல பேரு வெக்கத் தெரியலியா?"

வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அந்த ஏழு பேரும் இறங்கி, இலைகளுக்கு அடியில் அட்டைகளைக் கட்டி முடிக்க இருபது நிமிடம்தான் ஆனது. தனியாளாக நான் செய்திருந்தால் பத்து மணியைத் தாண்டியிருக்கும். மருந்தடிக்க வந்தவர் டேங்கைப் பார்த்தார், செல்வராசுவைப் பார்த்தார். "ஒரு வாரம் பாப்பம்" என்றார் செல்வராசு. அந்த ஒரு வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

போகிறவர்கள் கவனிக்க: 5.40 பஸ்ஸை விடாதீர்கள். ஐஸ் பெட்டியை மடியில் வையுங்கள், இன்ஜின் பக்கம் உட்காராதீர்கள். மழை தூறினால் கட்ட வேண்டாம். முக்கியமாக, ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதும் பெயரை வயலில் சொல்லாதீர்கள். என் பெட்டியின் மேல் இப்போது 'முட்டைச் சீட்டு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அஞ்சலை வைத்த பெயர்.

எட்டாம் நாள் செல்வராசுவிடமிருந்து செய்தி வந்தது. 'மருந்து அடிக்கல. அடுத்த சீட்டு எப்ப? களைக்காரங்க கேக்கறாங்க.'