பென்குயின் பார்க்காத நீலத்திரை

கட்டட பிளான் வரையும் அந்த ஆபீசில் அவருக்குப் பெயர் பென்குயின். லினக்ஸ் என்கிற இலவச கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்காரர்களின் அடையாளப் பறவை அது என்பதால், தன் கொள்கைக்குக் கிடைத்த பட்டம் என்று பதிமூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் நடந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் பெயர் வந்த வழி தெரியும். ஐம்பத்திரண்டு வயது, வெள்ளைச் சட்டை, கறுப்பு ஸ்வெட்டர், உடம்புக்குச் சம்பந்தமில்லாத குட்டைக் கால்.

மனிதர் தங்கமானவர்தான். சிஸ்டம் பற்றிப் பேசாதவரை. ஊர் முழுக்க வைத்திருக்கும் சிஸ்டத்தை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "அது" என்பார். யாருடைய கம்ப்யூட்டராவது படுத்துத் திரை நீலமாக மாறினால் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார். உதவி செய்ய அல்ல. "நம்மகிட்ட நீலத்திரையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போக. இதையே இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடும் மன்றத்தில் நானூறு தடவையாவது எழுதியிருப்பார்.

இந்த ஆபீசில் அவருக்கு ஆகாத ஆள் ஒருவர் உண்டு. முதலாளி இன்ஜினியரின் மச்சான். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். ஆபீசே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும். ஐந்து மேஜைக்கும் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும், எதைப் போடுவது என்று இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. சத்தம் தாங்காமல் இன்ஜினியர் ஒரு முடிவு சொன்னார்.

"திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மூணு மாடி கட்டடத்துக்காரங்க வர்றாங்க. உங்க லேப்டாப்பையே பெரிய திரைல மாட்டி, வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி காட்டுங்க சார். நல்லா ஓடுச்சுன்னா அஞ்சுலயும் உங்க சிஸ்டம். நின்னுச்சுன்னா மச்சான் சொல்றது. உங்க மேஜைலயும் அதுதான்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பென்குயின் சிக்கிக்கொண்டார். "அது" தன் மேஜையிலா?

ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மச்சான் போகிற போக்கில், "அண்ணே, உங்க வெர்ஷன் ரெண்டு வருஷம் பழசாமே?" என்று கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும் முன் பென்குயின் அப்கிரேடைத் தட்டிவிட்டார்.

ஒன்பது மணிக்குத் திரை எழுந்தது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. ஐகான் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு. கட்டடத்தைத் திறந்து சுற்றிப் பார்த்தால், ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக ஒரு நிமிஷம். டிவியை மாட்டிப் பார்த்தார், அப்படி ஒன்று இருப்பதையே லேப்டாப் ஒத்துக்கொள்ளவில்லை. கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. படம் காட்டும் சிப்புக்கு வேலை சொல்லும் மேஸ்திரி அந்த டிரைவர்தான். மேஸ்திரி வராத இடத்தில் வேலை எப்படி நடக்கும்?

கழற்றிவிட்டு மறுபடி போட்டார். போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. எரிச்சலில் வாய்க்கு வந்ததை அடித்தார். லேப்டாப் அணைந்து எழுந்தது.

எழுந்தது நீலமாக.

பளபளவென்று, மூலைக்கு மூலை நீலம். நடுவில் நாலு வரி, பக்கத்தில் பத்து, ஒன்பது என்று இறங்கும் எண். பென்குயின் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. லேப்டாப் மூடியை முக்கால்வாசி சாய்த்து, அதன்மேல் தோளில் கிடந்த துண்டைப் போட்டு, பத்து எண்ணினார். எடுத்துப் பார்த்தபோது நீலம் போயிருந்தது. அதே பூசணிக்காய் எழுத்து.

"இப்ப நீலமா ஒண்ணு வந்துச்சே, அது என்னங்க?" மனைவி கதவோரம் நின்றிருந்தார். மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. கையில் எது வந்தாலும், ஷாம்பு பாட்டில் உட்பட, பொடி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

"நீலமா? ஒண்ணும் வரலையே."

"ஏதாவது கீயைத் தட்டுன்னு போட்டிருந்துச்சு."

"நம்ம சிஸ்டத்துல நீலத்திரை கிடையாதும்மா. கொள்கையிலேயே கிடையாது. வெயில் பட்டிருக்கும்."

"வெயில் இங்கிலீஷ்லயா எழுதும்?"

விஷயம் இவ்வளவுதான். புது டிரைவர் ஏறும்போது லேப்டாப்பின் வாசலில் ஒரு காவலாளி எழுந்து, "இந்த ஆளைக் கூட்டிட்டு வந்தது நீதானா, வச்ச பாஸ்வேர்டைச் சொல்லு" என்று ஒரே ஒரு தடவை கேட்பான். பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவான். நம் ஆள் காவலாளியின் தலையில் துண்டைப் போட்டு மூடிவிட்டு, டிரைவரை ஏன் காணோம் என்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

மறுபடி கழற்றினார், போட்டார். துண்டு. இன்னொரு தடவை, பழைய வெர்ஷன் டிரைவர். துண்டு. மன்றத்தில் போய் முறையிட்டார். எங்கோ தூரத்திலிருந்து ஆந்தைப் படம் போட்ட ஒருவர் உடனே கேட்டார்: "ஸ்டார்ட் ஆகும்போது நீலமா ஒரு திரை வருதா? அதுல பாஸ்வேர்டு கொடுக்கணும்."

நானூறு பதிவும் பென்குயினின் கண்முன் வந்து வரிசையில் நின்றன. "வரவில்லை" என்று எழுதினார்.

"அப்போ உங்க லேப்டாப்பே போச்சு போலிருக்கு" என்றது ஆந்தை.

மணி மூன்று. சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நாலாவது தடவை டிரைவர் ஏறிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு அந்த மச்சான் உங்க மேஜைல வந்து அதைப் போட்டுட்டுப் போகட்டுமா?"

பென்குயின் எழுந்து பால்கனிக்குப் போய், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நீ என்ன பண்றியோ பண்ணு. நான் பார்க்கல."

லேப்டாப் நீலமாக எழுந்தது. மனைவி ஒரு கீயைத் தட்டினார். மாத்திரை அட்டை படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். "டிரைவரோட சாவியைச் சேர்க்கவாங்குது. சேர்த்தாச்சு. நிச்சயமாவான்னு கேக்குது. ஆமான்னுட்டேன். பாஸ்வேர்டு கேக்குது. என்ன வச்சீங்க?"

பென்குயின் கொடியில் கிடந்த துணியைத் திருப்பிப் போட்டார்.

"ஏங்க."

"மச்சான் லூசு," என்றார் தெருவைப் பார்த்து. "நடுவுல இடம் விடாம."

"என் தம்பியையா சொல்றீங்க?"

"ஐயோ, உன் தம்பி இல்லம்மா. ஆபீஸ் மச்சான்."

ஐந்து நிமிஷத்தில் எழுத்து எழுத்தாக இருந்தது. கட்டடத்துக்குள் நடந்தால் மூன்றாவது மாடி வரை மூச்சு வாங்காமல் ஏறியது. பென்குயின் உள்ளே வந்து உட்கார்ந்து, மன்றத்தில் "சரியாகிவிட்டது. கெர்னலில் சின்ன நுணுக்கம்" என்று சிஸ்டத்தின் உள்மையத்தின் மேல் பழியைப் போட்டு எழுதினார். ஆறு பேர் நன்றி சொன்னார்கள்.

திங்கட்கிழமை பெரிய திரையில் கட்டடம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இன்ஜினியர் சொன்ன சொல் மாறவில்லை. வியாழக்கிழமைக்குள் ஐந்து மேஜையிலும் லினக்ஸ். ஐந்திலும் கிராபிக்ஸ் டிரைவர் போட்டு, ஐந்துக்கும் அதே பாஸ்வேர்டை வைத்து, மச்சானையும் வரச்சொல்லி நிற்கவைத்துவிட்டு, அந்த நீலம் வீட்டு லேப்டாப்போடு போச்சு என்ற நம்பிக்கையில் பென்குயின் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ரீஸ்டார்ட் கொடுத்தார்.

ஆபீஸ் நீலமாயிற்று. சுவரில்கூட நீல வெளிச்சம்.

"அண்ணே," என்றார் மச்சான், "இது நம்மகிட்ட கிடையாதுன்னீங்களே."

பென்குயினின் கை தானாகத் தோளுக்குப் போனது. ஆபீசுக்கு யார் துண்டு போட்டுக்கொண்டு வருவார்கள்? ஒவ்வொரு திரையிலும் எண் ஒன்றுக்கு இறங்கி, ஐந்தும் பூசணிக்காய் எழுத்தில் நின்றன. டிரைவரைத் திரும்பப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் போய் மனைவிக்குப் போன் அடித்தார். மருந்துக் கடையில் கூட்டம்.

"என்னால வர முடியாதுங்க. நீங்களும் பார்க்க மாட்டீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, பக்கத்துல யாராவது இருந்தா சொல்லிக் கொடுக்கறேன்."

"நான் இருக்கேன்க்கா, சொல்லுங்க," என்று, பென்குயின் ஸ்பீக்கரைத் தட்டியதுமே மச்சான் போனை வாங்கிக்கொண்டு முதல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். பென்குயின் போனைப் பிடுங்கப் போனார். இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். மச்சான் ரீஸ்டார்ட் கொடுக்க, திரை நீலமாக எழுந்தது.

"ஏதாவது கீயைத் தட்டுங்க தம்பி. சாவியைச் சேர்க்கணும். ஆமான்னு கொடுங்க. பாஸ்வேர்டு கேக்குதா?"

"கேக்குதுக்கா."

பென்குயின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"மச்சான் லூசு," என்றது ஸ்பீக்கர், ஆபீசுக்கே கேட்கும்படி. "இடம் விடாம அடிங்க தம்பி. இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா, புரிஞ்சுடுச்சு," என்றார் மச்சான். பிறகு நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, ஐந்து கம்ப்யூட்டரிலும் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அதை அடித்து முடித்தார்.